சிப்பிகளைக் குறைத்த வாரம்: சிறுகோள் வதந்தியும் ஒரு திருகோணமலைக் கரையோர வகுப்பும்

பின்னணி

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போகும்போது வரும் கரையோரக் கிராமங்களில் ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் பாடசாலை மண்டபத்தில் ஒரு வானியல் வட்டம் கூடும். தரம் 9 முதல் 11 வரை இருபத்தாறு பேர். பாதிக்கு மேல் கடற்றொழில் குடும்பங்கள். 2025 தொடக்கத்தில் நாங்கள் எடுத்துக்கொண்ட விடயம், சிறுகோள்களுக்கும் குறுங்கோள்களுக்கும் போய்வந்த விண்கலங்கள்.

ஜனவரியின் முதல் சில வாரங்கள் செரெஸ் என்ற குறுங்கோளிலேயே கழிந்தன. டோன் விண்கலம் 2007 செப்டெம்பரில் புறப்பட்டது. 2011இல் வெஸ்டா என்ற சிறுகோளை அடைந்து ஓராண்டுக்கு மேல் அதைச் சுற்றியது. பிறகு அங்கிருந்து கிளம்பி 2015 மார்ச் 6 அன்று செரெஸின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. செரெஸில் ஒக்காட்டர் என்ற பள்ளத்துக்குள் பளிச்சென்று தெரிந்த வெண்திட்டுகள் என்னவென்று பலவிதமாக ஊகித்தார்கள். முடிவில் அவை பெரும்பாலும் சோடியம் காபனேற்று என்று தெரிந்தது, அதாவது நம் வீட்டுச் சலவைச் சோடா. அடியில் இருந்த உவர்நீர் மேலே கசிந்து, நீர் போய், உப்பு எஞ்சியிருக்கிறது. உப்பளத்தில் வேலை செய்பவரின் மகன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, "பாத்தி கட்டாமலே விளைந்திருக்கிறது, சேர்" என்றான். அந்த மாதத்தில் நான் கேட்ட மிகச் சரியான விளக்கம் அதுதான்.

கோணேசர் கோயிலடிக் கடலில் 1956இல் மூழ்கிப் பழைய கோயிலின் இடிபாடுகளைப் பார்த்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் பெயரில் 4923ஆம் எண்ணுள்ள சிறுகோள் ஒன்று சுற்றுகிறது என்பதும் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். விண்கற்கள் இவர்களுக்குப் பயம் தருபவையாக இருக்கவில்லை. இதைச் சொல்லிவைப்பது அவசியம், ஏனென்றால் பின்னால் வந்த பயத்தை 'அறியாமை' என்று நான் முதலில் பெயரிட்டுவிட்டேன்.

ஆழிப்பேரலை வந்த 2004 டிசெம்பர் 26இல் மாணவர் எவரும் பிறந்திருக்கவில்லை. ஆனால் அந்த ஞாயிறு காலை இல்லாத வீடு இந்தக் கிராமத்தில் இல்லை.

முதல் பதில்: பெப்ரவரி 1

2024 வைஆர்4 என்று பெயரிடப்பட்ட சிறுகோளை சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி 2024 டிசெம்பர் 27 அன்று கண்டது. அது பூமிக்கு மிக அருகில் வந்து போனது அதற்கு இரண்டு நாள் முன்பு, டிசெம்பர் 25இல். சந்திரனின் தூரத்தைப்போல் இருமடங்குக்குச் சற்றுக் கூடிய தொலைவு. ஜனவரி இறுதியில் அது 2032 டிசெம்பர் 22 அன்று பூமியில் மோதுவதற்கான நிகழ்தகவு 1 சதவீதத்தைத் தாண்டியது. பத்து மீற்றரிலும் பெரிய கல் ஒன்றுக்கு இந்த எல்லை தாண்டப்பட்டால் அறிவித்தாக வேண்டும் என்பது பன்னாட்டுச் சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பின் நடைமுறை. ஜனவரி 29 அன்று அறிவித்தார்கள். மோதினால் எங்கெங்கே விழக்கூடும் என்ற பட்டை கிழக்குப் பசிபிக்கில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆபிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தென்னாசியா வரை நீண்டது.

வந்தது சதவீதம். கிராமத்துக்கு வந்துசேர்ந்தது வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. இரண்டு நிமிடம்கூட இல்லை. நல்ல தமிழ், நிதானமான குரல். திகதியைச் சரியாகச் சொன்னது. மற்றவை பிழை: கல் வங்காள விரிகுடாவில் விழும் என்றது, அலை 2004ஐ விடப் பெரிதாக இருக்கும் என்றது, அரசாங்கங்கள் மறைக்கின்றன என்றது.

பெப்ரவரி 1, சனிக்கிழமை. பதிவை ஒரு மாணவி கைபேசியில் போட்டுக் காட்டி, உண்மையா என்று கேட்டாள். எனக்கு உள்ளூர எரிச்சல். அதே ஜனவரி 29இல்தான் பென்னு என்ற சிறுகோளிலிருந்து கொண்டுவந்த மாதிரிகளின் ஆய்வு முடிவுகளும் வெளியாகியிருந்தன. ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் 2020 ஒக்டோபரில் அள்ளி, 2023 செப்டெம்பர் 24 அன்று யூற்றா பாலைவனத்தில் இறக்கிய 121.6 கிராம் தூளில், உவர்நீர் வற்றியபோது படிந்த உப்புக்களும், நம் உடற் புரதங்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14உம் இருந்தன. செரெஸின் உப்பளத்திலிருந்து பென்னுவின் உப்புக்குப் போக எவ்வளவு அழகான வழி! இரண்டு இரவு உட்கார்ந்து ஆயத்தம் செய்திருந்தேன். அதைத்தான் நடத்த விரும்பினேன்.

ஆகவே நான் சொன்ன பதில் இது: "ஒரு சதவீதம்தான். இன்னும் சில நாளில் குறைந்து பூச்சியமாகிவிடும், பாருங்கள்." நாலு நிமிடத்தில் முடித்துவிட்டுப் பென்னுவுக்குப் போய்விட்டேன்.

கண்டவை: பெப்ரவரி 7 முதல் 12 வரை

பெப்ரவரி 7இல் நிகழ்தகவு 2.3 சதவீதமானது. மறுநாள் வட்டத்துக்குப் பதினேழு பேரே வந்தார்கள். வந்தவர்களில் ஒருவன் எழுந்து நின்று, மரியாதை குறையாமல், "குறையும் என்றீர்கள், சேர். கூடிவிட்டதே" என்றான். அதற்கு என்னிடம் ஆயத்தமான பதில் இருக்கவில்லை. அன்று எதையும் நடத்தாமல், யார் யார் ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த நாலு மாலைகளும் வீடு வீடாகப் போனேன். பெரும்பாலும் சாதாரணக் காரணங்கள்: காய்ச்சல், மார்ச்சில் வரவிருந்த சாதாரண தரப் பரீட்சை, தனியார் வகுப்பு. மூன்று வீடுகள் வேறுவிதமாக இருந்தன.

ஒரு வீட்டில் தரம் 10 மாணவன், விடியற்காலையில் தகப்பனுடன் வலை இழுக்கப் போவதை நிறுத்திவிட்டான். காரணம் கேட்டால் தலையிடி என்றான். தாய்தான் சொன்னார், இரவில் அந்தக் குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்று.

இன்னொரு வீட்டில், வீடு என்று சொல்வதைவிட அத்திவாரம் என்பதே பொருந்தும், கடலிலிருந்து நடந்து எட்டக்கூடிய காணியில் கருங்கல் அடுக்கி ஒரு முழம் உயர்ந்திருந்தது. மேசன் வேலை நின்றிருந்தது. கட்டடக் கடனை மாதமாதம் கட்டினால் முடிவது 2032இல் என்றார் தகப்பன். "கடன் முடியும் வருடம் வீடும் முடிந்துவிடும் என்றால் எதற்கு, சேர்?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சீமெந்துப் பைகளைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்காரரிடம் ஏற்கெனவே பேசியிருந்தார்.

மூன்றாவது வீட்டில், முதல் நாள் கேள்வி கேட்ட மாணவியின் அம்மம்மா. 2004இல் கணவரையும் ஒரு மகனையும் இழந்தவர். கதவடியில் ஒரு பிளாஸ்டிக் பை: பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், ஒரு டோர்ச். அந்தப் பை இருபது வருடமாக அலுமாரிக்குள் இருந்ததாம், இப்போதுதான் கதவடிக்கு வந்திருக்கிறது. இன்னும் ஏழு வருடத்துக்கு மேல் இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை, தம்பி. கடல் உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இன்றைக்குச் சொல்கிறார்கள், நம்ப வேண்டாம் என்கிறீர்கள்."

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு விளங்கியது. அந்த வீட்டில் நான் எதிர்த்துப் பேசியது மூடநம்பிக்கையை அல்ல. எச்சரிக்கை வந்தால் செவிசாய்க்க வேண்டும் என்று அத்தனை விலை கொடுத்துக் கற்ற பாடத்தை. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து எச்சரிக்கை வந்தபோது இதே கிராமம் மேட்டு நிலத்துக்கு ஏறியது, அலை வரவில்லை, ஆனாலும் ஏறியது சரிதான். அப்படிப்பட்டவர்களிடம் போய் 'பயப்படாதீர்கள்' என்பது, படித்தவன் செய்யக்கூடிய மோசமான காரியம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலாவது, இனி எண் எந்தப் பக்கம் போகும் என்று ஆரூடம் சொல்வதில்லை. ஏன் கூடுகிறது, எப்போது குறையக்கூடும் என்பதை மட்டும் சொல்வது.

இரண்டாவது, குரலுக்குக் குரல். அச்சடித்த அறிவித்தல் ஒட்டலாம் என்று அதிபர் சொன்னார். ஆனால் வதந்தி பரவியது காதால். சுவரில் ஒட்டுவதை யார் வாசிப்பார்கள்? மாணவியும் அவளுடைய தோழிகள் இருவரும் எழுதிப் பேசிய பதில் ஒன்றைப் பதிவு செய்தோம். அனுப்புவதற்கு முன் அம்மம்மாவிடம் போட்டுக் காட்டினோம். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு வசனத்தை வெட்டச் சொன்னார்: "யாரும் பயப்படத் தேவையில்லை" என்பதை. "பயப்படுவதா இல்லையா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நடப்பதை மட்டும் சொல்லுங்கள்." வெட்டினோம். பதிவு 50 விநாடிக்கு வந்தது; அந்த நீளம்தான் நன்றாக ஓடியது.

அந்தப் பதிவில் இருந்தவை மூன்று விடயங்கள். கல்லின் அளவு 40 முதல் 90 மீற்றர் வரை என்று கணிக்கப்படுகிறது. அந்த அளவுக் கல் பெரும்பாலும் நிலத்தைத் தொடுமுன் வளியிலேயே வெடிக்கக்கூடியது. விழுந்த இடத்தைச் சுற்றி நாசம்தான், ஆனால் 2004இல் நடந்தது வேறு, அன்று கடலடியில் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீண்ட பிளவு பெயர்ந்தது. மூன்றாவது, இந்தக் கணக்கு மாறிக்கொண்டிருக்கும், கூடவும் கூடலாம்.

மூன்றாவது முடிவில்தான் பிழை விட்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சிப்பிகள்: பெப்ரவரி 15

அன்று மண்டபத்தை விட்டுக் கடற்கரைக்குப் போனோம். வரச் சொல்லாமலே நாலைந்து பெற்றோரும் வந்து சற்றுத் தள்ளி நின்றார்கள், அத்திவாரக்காரர் உட்பட. ஈர மணலில் எண்பது வெள்ளைச் சிப்பிகளை ஒரே நேர்கோட்டில் வைத்தோம். ஒன்றை மட்டும் நீல மையால் பூசியிருந்தோம். கோடுதான், 2032 டிசெம்பர் 22இல் அந்தக் கல் இருக்கக்கூடிய இடங்கள். நீலச் சிப்பி பூமி. கல் எந்தச் சிப்பியில் இருக்கும் என்று தெரியாது. எண்பதில் ஒன்று, அதாவது ஒன்றேகால் சதவீதம்.

"ஒவ்வொரு இரவும் தொலைநோக்கியால் பார்த்துக் கணக்கைத் திருத்துகிறார்கள். இருக்க முடியாத இடங்கள் கழிந்துபோகும். எடுங்கள்."

இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நாற்பத்துமூன்றில் நிறுத்தினேன். நீலச் சிப்பி இன்னும் உள்ளே இருந்தது. நாற்பத்துமூன்றில் ஒன்று எத்தனை சதவீதம்? மணலிலேயே விரலால் வகுத்துப் பார்த்தார்கள். 2.3. ஒருவரும் பேசவில்லை. பூமியை நோக்கி எதுவும் நகரவில்லை, மற்றச் சிப்பிகள்தான் போயின. ஆனாலும் எண் கூடிவிட்டது.

"இன்னும் எடுத்தால்?" என்று கேட்டேன். "கூடும்" என்றார்கள் பலர். வலை இழுக்கப் போகாமலிருந்த மாணவன் மட்டும், "நீலச் சிப்பி முனைக்கு வரும் வரைக்கும் கூடும். அதை எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை" என்றான். எடுக்காமலே விட்டால்? அதையும் அவனே சொன்னான்: "அப்போது கடைசியில் அது மட்டும்தான் மிஞ்சும்." நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அந்த மாலை முழுவதும் வீணாகியிருக்கும்.

நின்றுகொண்டிருந்த பெற்றோர் பக்கமிருந்து வந்தது அடுத்த கேள்வி: மிஞ்சினால் என்ன செய்வார்கள்? இங்கேதான் விண்கலங்கள் உண்மையிலேயே கைகொடுத்தன. 2022 செப்டெம்பர் 26இல், சுமார் 1 கோடியே 10 இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால், டார்ட் விண்கலம் விநாடிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் டைமோர்ஃபொஸ் என்ற கல்லில் போய் மோதியது. கல்லின் அகலம் ஏறத்தாழ 160 மீற்றர், அது டிடிமொஸ் என்ற பெரிய சிறுகோளைச் சுற்றுவது. சுற்ற எடுத்த நேரம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து 11 மணி 23 நிமிடமாகக் குறைந்தது. 73 விநாடி மாறினாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள், மாறியது 32 நிமிடம்.

ஏன் அவ்வளவு? டைமோர்ஃபொஸ் ஒரே கல்லாக இல்லை, கற்குவியல். மோதியபோது தெறித்தவை பின்னோக்கிப் பறந்தன. அந்த உதைப்பு மேலதிகமாகத் தள்ளியது. பென்னுவும் அப்படித்தான். ஒசைரிஸ்-ரெக்ஸின் கை தொட்டவுடன் அரை மீற்றர் அளவுக்குப் புதைந்துபோனது. அள்ளிய கற்களில் சில மூடியில் சிக்கி, இடைவெளியால் தூள் விண்வெளியில் சிந்தியது. தள்ளப் போகும் கல் எப்படிப்பட்டது என்று தெரியாமல் தள்ள முடியாது. அதற்காகத்தான் ஐரோப்பியர்களின் ஹேரா விண்கலம் 2024 ஒக்டோபர் 7இல் புறப்பட்டு, மோதிய இடத்தை ஆராய டிடிமொஸ் நோக்கிப் போகிறது.

அத்திவாரக்காரர் கேட்டார்: "தள்ளும்போது பிழைத்து எங்கள் பக்கம் திரும்பினால்?" நல்ல கேள்வி. அதனால்தான் பரிசோதனைக்கு ஒரு சிறுகோளைச் சுற்றும் துணைக்கோளைத் தெரிந்தார்கள், எப்படி மாறினாலும் அது பூமிக்கு வராது. வைஆர்4ஐத் தள்ளுவதென்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

சிப்பிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, புதிய எண் வரும்போதெல்லாம் அடுக்கிப் பார்க்கச் சொல்லி மாணவர்களிடம் கொடுத்தேன்.

தொடர்ந்தது: பெப்ரவரி 18 முதல் 26 வரை

பெப்ரவரி 18இல் 3.1 சதவீதம். இவ்வளவு பெரிய சிறுகோள் ஒன்றுக்கு அதுவரை பதிவான மிக உயர்ந்த எண் அது. மறுநாள் காலை பாடசாலைக்குப் போகும்போது எனக்கே வயிறு கலங்கியது. விறாந்தையில் முப்பத்திரண்டு சிப்பிகள் அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் சுண்ணக்கட்டியால், "கூடும் என்று தெரியும்."

19ஆம் திகதிக் கணக்கில் 1.5 ஆனது. அப்போது தரம் 11 மாணவன் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான். சிப்பிக் கணக்குப்படி கூட வேண்டும், இல்லையென்றால் பூச்சியமாக வேண்டும், பாதியாக எப்படிக் குறைந்தது? அவன் சொன்னது சரி. என் உதாரணத்தில் எல்லாச் சிப்பிக்கும் ஒரே கனம். உண்மையில் கோட்டின் நடுவில் வாய்ப்பு அதிகம், முனைகளில் மிகக் குறைவு. பூமி இப்போது முனைப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது, அதனால் படிப்படியாகக் குறைகிறது. முதலிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டேன். 20இல் 0.28. 24இல் 0.004 சதவீதம், மோதல் ஆபத்தைப் பூச்சியம் முதல் பத்து வரை அளக்கும் டொரினோ அளவுகோலில் 3ஆம் படியிலிருந்து பூச்சியத்துக்கு இறங்கியது.

சிவராத்திரி 26ஆம் திகதி வந்தது. கோணேசருக்குப் போகும் பஸ்ஸில் அம்மம்மாவைக் கண்டேன். எண் குறைந்ததைச் சொன்னேன். "பிள்ளை சொன்னாள்" என்றார். பை எங்கே என்று நான் கேட்கவில்லை.

நான் மறைத்தது

2004 டிசெம்பர் இறுதியில் இன்னொரு சிறுகோளுக்கும் இதே கதை நடந்தது. அபோஃபிஸ் என்று பிறகு பெயர் பெற்றது. 300 மீற்றருக்கும் பெரியது. 2029 ஏப்ரலில் அது மோதுவதற்கான வாய்ப்பு கூடிக் கூடி, 2004 டிசெம்பர் 27 அன்று 2.7 சதவீதமாகி, பிறகு விழுந்தது. ஆழிப்பேரலைக்கு மறுநாள்! உலகம் அதைக் கவனிக்கவில்லை, நாங்களோ அன்று கரையில் தேடிக்கொண்டிருந்தோம்.

எண் கூடிப் பின் குறையும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் இல்லை. ஆனாலும் சொல்லாமல் விட முடிவு செய்தேன். சுனாமியும் சிறுகோளும் ஒரே வாரத்தில் என்றால், குரல் பதிவுக்காரர்களுக்கு அடுத்த பதிவு ஆயத்தம் என்று நினைத்தேன். இதுதான் அந்த மூன்றாவது முடிவு.

மார்ச் நடுப்பகுதியில் மாணவி தானே தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். "உங்களுக்குத் தெரியுமா, சேர்?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. குரல் பதிவு சொன்ன பொய்களில் ஒன்று 'மறைக்கிறார்கள்' என்பது. அதை நான் மெய்யாக்கியிருந்தேன். அடுத்த சனிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் முழுவதையும் சொன்னேன். ஊகித்த பதற்றம் எதுவும் நடக்கவில்லை.

இப்போதைய நிலை, மாற்ற வேண்டியவை

வலை இழுக்கும் மாணவன் மார்ச் முதல் வாரத்தில் மீண்டும் கடலுக்குப் போனான். வட்டத்துக்கு இருபத்துமூன்று பேர் திரும்பினர். மூவர் வரவில்லை, காரணம் பரீட்சை என்கிறார்கள். அப்படித்தானா என்று தெரியாது. சிறுகோள் சந்திரனில் மோதக்கூடும் என்ற கணக்கு ஏப்ரலில் 3.8 சதவீதம் என்று வந்தபோது, டின் தானாகவே திறக்கப்பட்டது.

இனி இப்படி ஒன்று வந்தால், முதல் கேள்விக்கே உட்காருவேன், பென்னு காத்திருக்கட்டும். பதிலைத் தொடங்குமுன் இந்தச் செய்தியை வீட்டில் யார் கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்பேன். சிப்பிகளை நடுவில் அடுக்கடுக்காகவும் முனையில் ஒற்றையாகவும் வைப்பேன். தெரிந்த எதையும், வசதியில்லை என்பதற்காக ஒதுக்கிவைக்க மாட்டேன். வீடு வீடாகப் போன நாலு மாலைகளை ஒரு வாரம் முன்பே போயிருந்தால் சீமெந்து கடைக்குத் திரும்பியிருக்காது.

அடுத்தது எப்போது என்பது தெரிந்ததே. அபோஃபிஸ் 2029இல் மோதாது, குறைந்தது நூறு வருடத்துக்கு மோதாது என்று 2021இல் ராடர் அவதானங்கள் உறுதி செய்துவிட்டன. ஆனால் நிலமட்டத்திலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர் உயரத்தில், தொலைக்காட்சிச் செய்மதிகளுக்கும் கீழாக, கடந்து போகும். கிழக்கு அரைக்கோளத்தில் வெற்றுக்கண்ணுக்கும் தெரியும் என்கிறார்கள். பென்னுவிலிருந்து மாதிரி கொண்டுவந்த அதே விண்கலம் இப்போது அதை நோக்கித் திருப்பப்பட்டிருக்கிறது. அது மிக அருகில் வரும் நேரம் நமக்கு 2029 ஏப்ரல் 14 அதிகாலை மூன்றே கால் மணியளவு, சித்திரைப் புத்தாண்டு நாள். வதந்திக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? மாணவிகள் அந்த 50 விநாடிப் பதிவின் முதல் வரைவை இப்போதே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அத்திவாரக்காரர் மே மாதத்தில் மேசனை மறுபடி கூப்பிட்டார். நான் போனபோது சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. பழைய வரைபடத்தில் இல்லாத ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது: வெளிப்புறமாகத் தட்டுக்கு ஏறும் கொங்கிறீற் படிக்கட்டு. கல்லுக்காகவா என்று கேட்டேன்.

"கல்லுக்குப் படி எதற்கு, சேர்?" என்றார். "இது கடலுக்கு."